சேராத அளவு

டயர் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் டயரை ஓர் உதை உதைத்துப் பார்ப்பார்கள். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமே கிடையாது. உதைத்ததில் என்ன தெரிந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. நீங்களும் உதைத்திருப்பீர்கள், ஐயா. சிரிக்கிறீர்கள். பரவாயில்லை. எனக்கு அதில் கோபம் வந்ததே இல்லை. பொதுவாகவே எனக்குக் கோபம் வராது. அதனால் நடந்ததைக் கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னொரு சொல்லையும் எடுத்துவிட வேண்டும். வண்டியைச் சோதித்த உங்கள் ஆள் 'பட்டறையின் கவனக்குறைவு' என்று சொல்லியிருக்கிறார். என் பட்டறையில் இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்று நடந்ததில்லை. நான் ஸ்டேஷனுக்கு உங்களைத் தேடி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்களிடம் சாதாரணக் கார்கள் வருவதில்லை. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பெரிய வண்டிகள் மட்டும்தான் வரும். மலையேறுகிறவர்கள், சேற்றில் இறங்குகிறவர்கள், எங்கேயும் போகாமல் வாசலில் நிறுத்தி அழகு பார்க்கிறவர்கள். மூன்றாவது வகைதான் அதிகம். எல்லோருக்கும் ஒரே ஆசை, இன்னும் பெரிய டயர். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று சொன்னால் காதில் ஏறாது. வண்டி சும்மா நிற்கும்போது எந்த டயரும் சேர்ந்த மாதிரிதான் தெரியும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ஒரு சக்கரம் பாறைமேல் ஏறி, மறு சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போதுதான் அதன் குணம் வெளியே வரும். எங்கே உரசும், எது இழுபடும், எது அறுபடும் என்பதை நான் வண்டி நிற்கும்போதே சொல்லிவிடுவேன். என் சட்டைப் பையில் எப்போதும் ஓர் அளவு டேப் இருக்கும். அதனால் 'டேப் அண்ணன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் 'சேராது' என்று சொன்னால் வேறு பட்டறையில் போய் இரண்டாவது கருத்துக் கேட்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. மனுஷனுக்கு அதைவிட வேறென்ன மரியாதை வேண்டும், சொல்லுங்கள்.

என் மனைவியைப் பட்டறைக்குக் கூட்டி வந்தது நான்தான். மகன் வேலைக்காக வெளியூர் போனபின் அவள் வீட்டில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. போன் எடு, பாகங்களுக்கு ஆர்டர் சொல்லு, அது போதும் என்றேன். முதலில் எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்பாள். வாடிக்கையாளரைப் போனில் காத்திருக்கச் சொல்லிவிட்டு, கையால் அதன் வாய்ப்பக்கத்தைப் பொத்திக்கொண்டு, "என்னங்க, போன மாடல் ரிம் இதுக்குச் சேருமா?" என்பாள். நான் வண்டிக்கு அடியில் படுத்தபடியே "சேராது" என்பேன். அவள் அப்படியே போனில் சொல்லுவாள். அந்தக் காலத்தில் எங்களுக்குள் ஒரு சண்டைகூட வந்ததில்லை.

பிறகு 'ஏன்' என்று கேட்க ஆரம்பித்தாள். ஏன் சேராது, எவ்வளவு இடிக்குது, அதை எப்படிச் சரிபண்ணலாம். நான் பதில் சொன்னேன். பெருமையாகக்கூட இருந்தது. என் பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைய ஆரம்பித்தாள். முடுக்கிய ஒவ்வொரு நட்டின்மேலும் பச்சைப் பெயின்டில் ஒரு புள்ளி வைப்பாள், வேலை முடிந்ததற்கு அடையாளமாக. எனக்கு அப்படி அடையாளம் எல்லாம் தேவைப்பட்டதில்லை. ஆனாலும் நல்ல பழக்கம்தானே என்று விட்டுவிட்டேன். தப்பு எங்கே தொடங்கியது என்று கேட்பீர்களானால், நான் அவளுக்கு இடம் கொடுத்ததில்தான்.

இப்போது டாக்டர் விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் மாட்டு டாக்டர். மலைமேல் இருக்கிற பண்ணைகளுக்கெல்லாம் அவர் ஒருவர்தான். வண்டியின் பின்னால் மருந்துப் பெட்டி, கயிறு, எப்போதும் ஒரு சாண நாற்றம். வழியில் யார் கை காட்டினாலும் ஏற்றிக்கொள்வார். அன்றைக்கு வந்தவர் வண்டியின் அடிவயிற்றைக் காட்டினார். பாறை இடித்து இடித்து நசுங்கிப்போயிருந்தது.

"அங்க கன்னுக்குட்டி வெளிய வர முடியாம மாட்டிக்கிட்டு நிக்குது, இங்க நான் பாறையில மாட்டிக்கிட்டு நிக்கிறேன். ரெண்டு பேரையும் யாராவது பிடிச்சு இழுக்கணும். பெரிய டயரா போட்டுக் கொஞ்சம் தூக்கி விடுங்கண்ணே" என்றார்.

அவர் காட்டிய அளவைப் பார்த்தேன். டேப்பை வெளியே எடுக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

"சேராது டாக்டர். ஒரு அளவு ஏத்தலாம். ரெண்டு அளவு ஏத்தினா உள்ள உரசும்."

டாக்டர் முகம் வாடிவிட்டது. அவ்வளவுதான், முடிந்திருக்க வேண்டும். மேஜைக்குப் பின்னாலிருந்து என் மனைவி சொன்னாள்: "சேரும்."

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம்.

"ஸ்பிரிங்கை மாத்தி வண்டியை ரெண்டு அங்குலம் தூக்கணும். சக்கரம் கொஞ்சம் வெளியே தள்ளி நிக்கிற ரிம் போடணும். அப்புறம் முன்சக்கரத்து பிரேக் ஹோஸ் நீளமானதா வேணும். தூக்கின வண்டியில பழைய ஹோஸ் எட்டாது, இழுத்துக்கும். மூணையும் சேர்த்துச் செஞ்சா சேரும் டாக்டர்."

பிரேக் எண்ணெயைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற ரப்பர்க் குழாய்தான் அந்த ஹோஸ், ஐயா. உங்கள் சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது.

அவளே செய்தாள். நான் தடுக்கவில்லை. பட்டால்தான் தெரியும் என்று விட்டுவிட்டேன். முடித்தபின் ஒரு சக்கரத்தை மேடைமேல் ஏற்றி, மறு சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்தாள். டயரின் ஓரத்தில் சாக்பீஸ் பூசி வைத்திருந்தாள், எங்கேயாவது உரசினால் வெள்ளை ஒட்டட்டும் என்று. எங்கேயும் ஒட்டவில்லை. நானும் குனிந்து பார்த்தேன். ஒட்டவில்லை.

டாக்டர் குழந்தை மாதிரி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்புறம் என் தோளைத் தட்டி, "என்ன டேப் அண்ணே, இன்னிக்கு உங்க டேப்பு சுருங்கிடுச்சு போல" என்றார்.

பட்டறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மனைவியும் சிரித்தாள். அவள் உடனே நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகலாம். இரக்கப்படக் கூடாது.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் பெரிதாக்கிச் சொல்ல விரும்பவில்லை. வண்டிகள் முன்னைவிட அதிகமாக வந்தன. உள்ளே நுழைகிறவன் என்னைத் தாண்டி எட்டிப் பார்ப்பான். "அக்கா இருக்காங்களாண்ணே?" நான் இருக்கிறேனே, என்ன வேண்டும் என்று கேட்டால், "இல்லண்ணே, அவசரமில்ல, அக்காகிட்டயே கேட்டுக்கிறேன்" என்பான். எனக்கு டீ வாங்கிக் கொடுப்பான். உப்புக்குச் சப்பாணி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். விளையாட்டில் சேர்த்துக்கொள்வார்கள், கணக்கில் சேர்க்க மாட்டார்கள். என் பட்டறையில் நான் அப்படி ஆனேன். அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள். சண்டை போட்டு நிறுத்தவில்லை. கேட்கத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். ஒருநாள் வேண்டுமென்றே அவள் காதில் படும்படி, "அந்த ரிம் சேராது" என்று சொன்னேன். அவள் நிமிராமலேயே, "பார்த்துட்டேங்க, சேருது" என்றாள். குரலில் ஒரு துளி அகங்காரம் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

டாக்டர் வண்டியை என்ஜின் எண்ணெய் மாற்றக் கொண்டுவந்தபோது அவள் ஊரில் இல்லை. அவள் தங்கைக்கு அறுவைச் சிகிச்சை, துணைக்குப் போயிருந்தாள். டாக்டர் வண்டியை விட்டுவிட்டு எதிர்க் கடைக்குப் போனார். நான் எண்ணெய் மாற்றினேன். பிறகு வண்டியை ஜாக்கியில் தூக்கி, முன்சக்கரங்களைக் கழற்றி, அவள் போட்டிருந்த நீள ஹோஸ்கள் இரண்டையும் எடுத்தேன். அந்த வண்டிக்கென்று கம்பெனி செய்கிற ஹோஸ்களைப் போட்டேன். புதியவை. உறை பிரிக்காதவை. மட்டமான சரக்கை நான் போட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த வண்டியைச் செய்தவர்களே இந்த ஹோஸ்தான் இதற்குப் பொருத்தம் என்று சொல்லியிருக்கிறார்கள். செய்தவனைவிட அதிகம் தெரிந்தவள் யார்.

பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியே எடுத்தேன். பெடல் கல் மாதிரி நின்றது. அந்த வேலையில் ஒரு குறை கண்டுபிடியுங்கள் பார்ப்போம்.

நான் என்ன நினைத்தேன் என்று நேற்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். ஹோஸ் கசியும், பெடல் மெத்தென்று போகும், டாக்டர் திரும்பி வருவார், "நீங்க சொன்னது சரிதாண்ணே" என்பார். அதைத்தான் நினைத்தேன். அதைத் தவிர வேறொன்றும் நினைக்கவில்லை என்று நேற்று சொன்னேன். இன்று அதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை. சக்கரத்தை மாட்டுவதற்கு முன்னால் அதைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை ஒடித்து, விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். ஹோஸ் வில்லின் நாண் மாதிரி விறைத்து நின்றது. டாக்டர் போகிற பாதை எனக்குத் தெரியும். முதலில் பாறைமேல் ஏற்றம். அங்கே சக்கரம் தொங்கும். அதைத் தாண்டியதும் பண்ணைகளுக்கு இறங்குகிற சரிவு. அங்கே பிரேக்கைத் தவிர வேறு துணை இல்லை. ஏற்றத்தில் அறுந்தால் சரிவில்தான் தெரியும். அளவு பார்ப்பவனுக்கு இதெல்லாம் கண்ணை மூடினாலே தெரியும்.

டாக்டர் திரும்பி வந்தார். இருவருக்கும் டீ வாங்கி வந்திருந்தார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தார்.

"அண்ணே, அன்னிக்கு டேப்பு சுருங்கிடுச்சுன்னு ஏதோ விளையாட்டுக்குச் சொல்லிட்டேன். வீட்டுக்குப் போனப்புறம் உறுத்திச்சு. மனசுல வெச்சுக்காதீங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். நான் அப்பவே மறந்துட்டேன்."

"அக்கா வந்தா சொல்லுங்க. அவங்க புண்ணியத்துல மூணு கன்னு பொழைச்சிருக்கு."

சாவி என் கையில் இருந்தது. கொடுத்தேன்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னதால்தான் கொடுத்தேன் என்று நான் சொல்லவில்லை. எப்படியும் கொடுத்திருப்பேன்.

மறுநாள் அவர் மலைக்குப் போனார். ஏற்றத்துக்கு முன்னால் மேலூர்ப் பள்ளி ஆசிரியை கை காட்டியிருக்கிறார், ஏற்றிக்கொண்டார். அவரை நான் ஏறச் சொல்லவில்லை. அந்த அம்மாளை எனக்குத் தெரியவே தெரியாது. வழியில் போகிறவர்களை எல்லாம் வண்டியில் ஏற்றுவது டாக்டரின் பழக்கம், என் பழக்கம் இல்லை. சரிவில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். இருவரையும் மேலே கொண்டுவர நேரமாயிற்று என்று சொன்னார்கள்.

என் மனைவி செய்தி கேட்டு ஓடி வந்தாள். உங்கள் ஆள் அறுந்த ஹோஸைக் காட்டினார். நீளம் குறைவு. கம்பெனி அளவு. அவள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நட்டின்மேல் பச்சைப் புள்ளி இருந்தது. அவளுடைய பச்சை.

"நான் மாத்தினேன்" என்றாள். "நீளமானதுதான் மாத்தினேன். எனக்கு ஞாபகம் இருக்கு." ஹோஸை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "இருக்குன்னு நினைக்கிறேன்" என்றாள்.

உங்கள் ஆள் தங்கமான மனிதர். "யானைக்கும் அடி சறுக்கும்மா" என்றார்.

அதன் பிறகு வந்த வாரங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அவள் தூங்கவில்லை. சரியாகச் சாப்பிடவில்லை. ஆசிரியையின் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றுவிட்டு, உள்ளே நுழையத் தைரியமில்லாமல் திரும்பி வந்தாள். "என் கையாலதானேங்க" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். "தப்பு எல்லாருக்கும் நடக்கும். விடு" என்றேன். வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் திட்டித் தீர்த்திருப்பான். நான் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

பட்டறையில் அவள் ஒரு நட்டைக்கூட என்னைக் கேட்காமல் தொடவில்லை. ஸ்பானரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். "என்னங்க, இது சேருமா? ஒரு தடவை பாருங்களேன்." நான் போய்ப் பார்ப்பேன். "சேரும்" என்பேன். "நிஜமாவா? இன்னொரு தடவை பாருங்க." இன்னொரு தடவை பார்ப்பேன். பழையபடி ஆகிவிட்டது. எங்களுக்குக் கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அப்படி ஒற்றுமையாக இருந்ததில்லை. அந்த நாட்களை எனக்கு யாரும் திருப்பித் தர வேண்டாம், அவை நடந்தன என்பதே போதும்.

பச்சைப் புள்ளியை ஏன் வைத்தாய் என்று கேட்கிறீர்கள். அவள்மேல் பழி போடத்தான் என்று உங்கள் முகத்தில் எழுதியிருக்கிறது. வேலை முடிந்தால் புள்ளி வைக்க வேண்டும். அது எங்கள் பட்டறை முறை. பெயின்ட் டப்பாவும் பக்கத்திலேயே இருந்தது. அதுவரை எப்போதாவது வைத்திருக்கிறாயா என்று கேட்டால், இல்லை. அதுதான் முதல் தடவை.

நான் கழற்றிய ஹோஸ்களை அவள் கண்டுபிடித்தது இப்படித்தான். நான் அவற்றைக் குப்பையில் போடவில்லை. நல்ல பொருளைத் தூக்கி எறிகிறவன் நான் இல்லை. துடைத்து, சுருட்டி, அலமாரியில் அதற்குரிய இடத்தில் வைத்திருந்தேன். ஒளித்து வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வேறு ஒரு வண்டிக்கு ஹோஸ் தேடியவள் அதை எடுத்திருக்கிறாள். இரண்டிலும் பச்சைப் புள்ளி.

நான் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வந்து, தட்டுக்குப் பக்கத்தில் அவற்றை வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"இது டாக்டர் வண்டியோடதுங்க."

"ஆமா."

"நீங்க கழட்டினீங்களா?"

"ஆமா."

"ஏன்?"

பழைய 'ஏன்' அல்ல அது. ஆனாலும் நான் எப்போதும் போலப் பதில் சொன்னேன். "அந்த டயர் அந்த வண்டிக்குச் சேராதுன்னு அன்னிக்கே சொன்னேன். நீ கேக்கல."

அவள் அழவில்லை. கத்தவில்லை. என்னை ரொம்ப நேரம் பார்த்தாள், ஏதோ வண்டியின் அடிப்பாகத்தைப் பார்ப்பது போல. "சேர்ந்துச்சுங்க" என்றாள். "நான் போட்டப்ப அது சேர்ந்துச்சு. உங்களுக்கும் தெரியும். குனிஞ்சு பார்த்தீங்களே."

பிறகு எழுந்து என் தட்டில் சாப்பாடு குறைந்திருப்பதைப் பார்த்து, பழக்க தோஷத்தில் கரண்டியை எடுத்தாள். பாதியில் நிறுத்தினாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"சாப்பிட்டு முடிங்க. அப்புறம் நீங்களே போய்ச் சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

நானே வந்தேன். யாரும் என்னைப் பிடித்துக் கொண்டுவரவில்லை. வண்டியை அவள் ஓட்டினாள், அவ்வளவுதான். வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்குப் பட்டறையில் வேலை கிடந்தது.

இரண்டு பேர் இறந்ததற்கு நான்தான் காரணம். அதை ஒப்புக்கொள்கிறேன். தெரிந்தே செய்தேன், தெளிவாகச் செய்தேன். அவள் காரணமில்லை, கவனக்குறைவு காரணமில்லை. எங்கே வேண்டுமோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். வருத்தப்படுகிறாயா என்று கேட்டால், ஆசிரியைக்காகக் கொஞ்சம். ஆனால் தலை குனிய மாட்டேன். ஒரு மனுஷனை அவன் கட்டிய பட்டறையிலேயே கௌரவ விருந்தாளி ஆக்கியவர்கள் யாரும் இந்த அறையில் வந்து உட்காரவில்லையே.

பட்டறையை இன்றைக்கும் திறந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். நல்லதுதான். சுரங்கத்துக்குப் போகிற வண்டி ஒன்று இந்த வாரம் வரவேண்டும். பழைய மாடல். முன் அச்சை யாரோ எப்போதோ மாற்றியிருக்கிறார்கள், எந்த வரைபடத்திலும் அதன் அளவு இருக்காது. கையால் தடவிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். அதில் அவள் கட்டாயம் தடுமாறுவாள். என்னைக் கேட்காமல் அவளால் முடியாது.

இங்கே போன் பேச எந்தக் கிழமைகளில் விடுவார்கள் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், ஐயா. நான் போனுக்குப் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து அவள் கூப்பிட்டுவிடப் போகிறாள்.